தப்பு கையிலா, போர்டிலா?

பி.காம் படிக்கிறவனுக்கு சால்டரிங்கில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. போன லீவில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டில் கணக்கு எழுதப் போயிருந்தேன் (பாக்கெட் மணிக்காகத்தான்!).

அங்கே சால்டர் வைக்கும் ஒரு அக்காவுக்கு, திரும்பி வந்த போர்டுகளுக்காகச் சம்பளத்தில் பிடித்தார்கள். காரணம் 'கோல்டு ஜாயிண்ட்'. அதாவது, ஈயம் சரியாக உருகிப் பிடிக்காமல் மேலே சும்மா உட்கார்ந்திருப்பது. சூப்பர்வைசரின் வைத்தியம்: "இன்னும் கொஞ்சம் ஈயம் வைம்மா."

பழுது பார்க்கும் அண்ணனின் நோட்டைப் புரட்டினேன். மூன்று பேர் செய்த போர்டுகளிலும் பழுது அதே ஒரு காலில்தான்... கிரவுண்ட் பின்! அது அகலமான செம்புப் பரப்போடு நேராகச் சேர்ந்திருப்பதால், அயர்ன் தரும் சூட்டைச் செம்பு இழுத்துக்கொள்கிறது. காரீயம் கலந்த பழைய 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும். அங்கே இருந்தது காரீயம் இல்லாத வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவை. அதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பிறகு எப்படிப் பிடிக்கும்?

மேலே ஈயம் வைத்தால் பழுது மறையும், போகாது. அகலமான முனை, கொஞ்சம் ஃப்ளக்ஸ், போர்டுக்கு முன்கூட்டியே சூடு, அடுத்த டிசைனில் அந்தக் காலுக்கும் செம்புக்கும் நடுவே மெல்லிய இணைப்பு. இதுதான் மருந்து.

என் கட்சி இதுதான்: பழுது ஆளோடு போனால் ஆளைப் பாருங்க. இடத்தோடு நின்றால் போர்டைப் பாருங்க. ரீவொர்க் ரிஜிஸ்டரில் 'எந்தக் கால்' என்று ஒரு காலம் போட என்ன செலவாகிவிடும்?

நோட்டை முதலாளியிடம் காட்டினேன். அடுத்த மாதம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஏற்கனவே பிடித்தது மட்டும் இன்னும் திரும்பி வரலை.