பத்து ரூபாய் தர்மம்

பத்து ரூபாய்க்கு இன்று பொன்னேரிக் கடைத்தெருவில் என்ன கிடைக்கும்? ஒரு டம்ளர் தேநீர் கிடைக்குமா என்பதே சந்தேகம். ஆனால் ஒரு நாயை மோட்டார் வண்டியில் போட்டு வதைத்துக்கொண்டு போகலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். அனாவசியமான வலியோ துன்பமோ உண்டாகும்படி ஒரு பிராணியை வண்டியில் ஏற்றிச் செல்வது குற்றம் என்று அது அழகாகச் சொல்கிறது. முதல் தடவை அகப்பட்டால் அபராதம், பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். அவ்வளவுதான்!

இந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையில் அவர் ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் செய்யும் என்று நேரு வாக்களித்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1962-ல் பிராணி நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அவரே அதன் தலைவி. அந்தக் காலத்தில் ஐம்பது ரூபாய் என்றால் மனிதனுக்கு நெஞ்சு படபடக்கும். இன்று? ஓட்டல் சிப்பந்திக்குக்கூட அதைவிடத் தாராளமாக வைத்துவிட்டு வருகிறோம்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். பட்டணத்திலிருந்து வரிசையாகக் கார்கள் வரும். ஒன்றில், ஓட்டுகிறவரின் மடியில் ஒரு குட்டி நாய், ஸ்டியரிங்கின் மேல் முன்னங்கால் வைத்துத் தானே ஓட்டுவது போல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு ஒரு லாப்ரடார் காற்று வாங்கும். அதே சாலையில்தான் மீன் கூடையுடன் குப்பத்துப் பெண்கள் நடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஓர் ஆட்டுக்குட்டியைக் கண்டு மடியிலிருக்கும் நாய் துள்ளினால், வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக எவரையும் உட்கார வைக்கக்கூடாது, எதையும் வைக்கக்கூடாது என்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 125-வது பிரிவில் சொல்கிறது. மடியில் இருக்கும் நாய்க்கு இது போதும். ஆனால் பின்சீட்டில் அவிழ்த்து விட்டிருக்கும் நாய்க்கு? பெல்ட் போடாத மனிதருக்கு 2019-ம் வருஷத் திருத்தம் ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும் என்றது. நாய்க்கென்று அப்படி ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. 1978-ம் வருஷத்துப் பிராணிகள் போக்குவரத்து விதிகள், நெடுந்தூரம் போகும் நாய்க்குக் கோடையில் நான்கு மணிக்கு ஒரு தரம் தண்ணீர் கொடு என்று தாயுள்ளத்தோடு சொல்கின்றன. தண்ணீர் கிடைக்கும், தலை தப்புமா என்பதுதான் கேள்வி. பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பில் 57-வது விதி, வண்டியிலுள்ள நாயைத் தகுந்தபடி கட்டுப்படுத்தி வை என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கிறது. அந்த ஒரு வாக்கியம் நமக்குக் கனமா?

"நாய்க்குப் பெல்ட்டா?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத எதுவும் நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பாயும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து, விழுவதற்கு அது சமம். 25 கிலோ எடையுள்ள செல்லப்பிராணி உங்கள் பிடரியில் அப்படி வந்து விழுந்தால், நாயும் பிழைக்காது, நீங்களும் பிழைப்பது கஷ்டம்.

"அதற்குக் கூண்டு பிடிக்காது, கட்டினால் அழும்" என்பார்கள். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் பிடித்தா அனுப்பினோம்? வீட்டிலேயே நாலு நாள் கூண்டைத் திறந்து வைத்து, அதற்குள் சாதம் வைத்துப் பழக்கினால் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. நாயைக் காருக்குள் அடைத்துவிட்டு, டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்து, இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருவது! வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அரை மணியில் 15, 20 டிகிரி சூடு ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்து ஆறும் வசதி நாய்க்குக் கிடையாது. இரைத்துத்தான் ஆற வேண்டும்.

"குப்பத்து நாய் கவிழ்த்த படகின் நிழலில் படுத்திருக்கிறது. காரில் போகும் பணக்கார நாய்க்கு ஒரு சட்டமா?" என்று ஒரு கட்சி கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டுத் தவறிய நாயால் தறிகெட்ட வண்டி, பணக்காரரை மட்டும் தேடிப் பிடித்து மோதுவதில்லை. சாலையோரம் கூடையுடன் நடப்பவளைத்தான் அது முதலில் அடிக்கும். நான் சட்டம் கேட்பது அவளுக்காகவும்தான்.

பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை அதன் பிறகுதான் வந்தது. பிணத்தை எண்ணிவிட்டு விதி எழுதும் வழக்கத்தை நாம் எப்போது விடப்போகிறோம்? 2022-ல் மத்திய சர்க்கார் மிருகவதைச் சட்டத்துக்குத் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. என் கருத்து இது: அபராதம் வலிக்கிற அபராதமாக இருக்கட்டும், கூடவே மோட்டார் சட்டத்தில் நாயைக் கட்டி அழைத்துப் போ என்று ஒரு வரி எழுதட்டும்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், கழுத்து முறியும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டை வாங்கி, அதைப் பின்சீட்டு பெல்ட்டோடு மாட்டுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது நாயையும் இறக்குங்கள். இறக்க முடியாத இடமென்றால், அன்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.