கத்தரிக்கோல் வைத்தியம்

போன மழைக்காலத்துல அப்பாவுக்குத் தும்மல், மூக்கொழுகல், லேசா காய்ச்சல். தெருமுனை மெடிக்கல் ஷாப்ல போய் "சளிக்கு ஏதாவது குடுப்பா"ன்னு கேட்டிருக்கார். கடைத் தம்பி கத்தரிக்கோலை எடுத்து சரக் சரக்குன்னு நறுக்கி, மூணு தினுசு மாத்திரையைக் கவர்ல போட்டு, "மூணு வேளை, சாப்பாட்டுக்கப்புறம்"னு சொல்லிட்டார். முடிஞ்சது வைத்தியம்!

அன்னிக்கு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தள்ளாடி நிலைப்படியில மோதி, நெத்தியில நாலு தையல். "வயசாச்சுல்ல"ன்னாங்க சொந்தக்காரங்க. எனக்கென்னவோ அந்தக் கவர் மேலதான் சந்தேகம். நறுக்கின துண்டுல பேர் ஏது? மறுநாள் கடைக்கே போய் முழு அட்டையை வாங்கிப் பின்பக்கம் படிச்சேன்.

ஒண்ணு பாராசிட்டமால் 650. ரெண்டாவது "சளி மாத்திரை": அதுலயும் பாராசிட்டமால் 500, கூடவே குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின். மூணாவது செட்ரிசின் 10. ஆக, பேர்தான் மூணு மாத்திரை. உள்ளே ரெண்டு பாராசிட்டமால், ரெண்டு அலர்ஜி மருந்து!

குளோர்பெனிரமின் நல்லா தூக்கம் வர வைக்கும். செட்ரிசினும் பலருக்கு அப்படித்தான். அதுவும் செட்ரிசின் 10 ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், மூணு வேளை இல்லை. வயசானவங்களுக்கு இந்த ஜோடி தள்ளாட்டம், குழப்பம், சிறுநீர் அடைப்பு வரைக்கும் கொண்டுபோகும். ராத்திரி பைக் ஓட்டுற பசங்களும் யோசிக்கணும். "ஒரு கட்டிங்" வேற சேர்ந்தா கேக்கவே வேணாம்.

பாராசிட்டமால் கணக்கும் பாருங்க. 500-ம் 650-ம் சேர்த்து 1150. காய்ச்சல் விடலைன்னு நாலு வேளை போட்டா 4600 மில்லிகிராம். பெரியவங்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4000. தாண்டினா அடி வாங்குறது கல்லீரல்.

சரி, அந்த ஃபினைலெஃப்ரின்? வாய்வழியா சாப்பிட்டா மூக்கடைப்புக்குப் பிரயோசனமில்லைன்னு அமெரிக்க எஃப்.டி.ஏ.வோட நிபுணர் குழு 2023-லயே ஒருமனதா சொல்லிடுச்சு. பி.பி. உள்ளவங்களுக்கு ரிஸ்க் வேற. குளோர்பெனிரமினும் அதுவும் சேர்ந்த மருந்தை 4 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடுக்கக்கூடாதுன்னு லேபிள்ல போடச் சொல்லி நம்ம நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. அட்டையை நறுக்கி, பாட்டிலை அட்டைப்பெட்டி இல்லாம குடுத்தா லேபிளை யார் படிக்கிறது?

"முப்பது வருஷமா அந்தக் கடைலதான் வாங்குறோம், தும்மலுக்கெல்லாம் டாக்டர் ஃபீஸ் அழணுமா?"ன்னு கேப்பீங்க. டாக்டர்கிட்ட போங்கன்னு நான் சொல்லலை சாமி. மூணே மூணு விஷயம் செய்ங்க:

1. பேர் தெரியாத மாத்திரையை வாங்காதீங்க. நறுக்கினாலும் பேரை ஒரு சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க.
2. ஒரே நேரத்துல ஒரு பாராசிட்டமால், ஒரு அலர்ஜி மருந்து. அவ்ளோதான். வெறும் தும்மல்னா சளி மாத்திரையே வேணாம்.
3. பி.பி., சர்க்கரை, புராஸ்டேட்னு ஏற்கனவே சாப்பிடுற மாத்திரைங்க இருந்தா கடையில முதல்லயே சொல்லுங்க.

கடைத் தம்பியை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. "சளிக்கு ஏதாவது குடுப்பா"ன்னு கேட்டது நாமதானே? அந்த "ஏதாவது"தாங்க அப்பா நெத்தியில தழும்பா நிக்குது.