அக்கடமிகளை உள்ளே எடுங்கள், கணக்கும் கேளுங்கள்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் பனி கரைந்து புல் தலைகாட்டியதும் பூங்காக்களில் இரண்டு விதமான உதைபந்தாட்டப் பயிற்சிகளைக் காணலாம். மூத்தவர்கள் இன்னும் 'கென்ற் பார்க்' என்று பழைய பெயரிலேயே அழைக்கும் மார்ட்டின் லூதர் கிங் பூங்காவை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கரையில் பகுதிக் கழகத்தின் பிள்ளைகள். அவர்களைப் பழக்குபவர் வேலை முடிந்து ஓடிவந்த யாரோ ஒரு பிள்ளையின் அப்பா. மறு கரையில் தனியார் அக்கடமியின் பிள்ளைகள். அங்கே பயிற்றுநருக்கு அதுவே தொழில். பெற்றோர் காசு கட்டுகிறார்கள். வார இறுதி வந்தால் முதல் கூட்டத்துக்கு லீக் ஆட்டம் இருக்கிறது. மாகாணச் சம்மேளனத்தில் பதிவில்லாத அக்கடமியின் பிள்ளைக்கு அது இல்லை.

கழகம், பிராந்தியச் சங்கம், மாகாண அளவில் சொக்கர் கியூபெக் சம்மேளனம், அதற்கு மேலே கனடா சொக்கர் என்று அடுக்கடுக்காக அமைந்தது இங்குள்ள இளையோர் உதைபந்தாட்டம். இந்த அடுக்குக்கு வெளியே நிற்கும் அக்கடமி எவ்வளவு திறமாகச் சொல்லிக்கொடுத்தாலும் அதன் அணி அதிகாரபூர்வ லீக்கில் இறங்க முடியாது. வசதியுள்ள வீட்டார் ஆட்டத்துக்காகக் கழகத்திலும் பயிற்சிக்காக அக்கடமியிலும் காசு கட்டிச் சமாளிக்கிறார்கள். வசதியில்லாத வீட்டில் பிள்ளை ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது.

அக்கடமிகளை லீக்குக்குள் எடுக்க வேண்டும். சம்மேளனம் எழுதும் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, கணக்கைத் திறந்து காட்டும் அமைப்புகளாக அவற்றை எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு, அக்கடமி போலவே காசு கட்டிப் படிக்கும் ரியூற்றரி என்றால் விளக்கம் தேவையில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிள்கள் அங்கே போய் வரிசையாக நிற்கும். அதைக் குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். காசுள்ளவன் முந்துகிறான் என்பதிலும், வகுப்பறை மெலிகிறது என்பதிலும் உண்மை இருக்கிறது. என்றாலும் ரியூற்றரியில் படித்தான் என்பதற்காகப் பரீட்சைத் திணைக்களம் எவரையும் வெளியே நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தோடு தொடர்பே இல்லாதவரும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்து எழுதலாம். லீக் ஆட்டமும் ஒரு பரீட்சைதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தான் பழகியதை எதிரணிக்கு முன்னால் செய்து பார்க்கும் இடம் அது. பயிற்சியை எங்கே பெற்றது என்று கேட்டு அந்த இடத்தை மறுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை ஒன்ராறியோ காட்டியிருக்கிறது. மிசிசாகாவில் 2005இல் பொபி ஸ்மிர்னியோட்டிஸ் முதலானோர் தொடங்கிய சிக்மா எஃப்.சி. ஒரு தனியார் அக்கடமி. 2014இல் 'லீக்1 ஒன்ராறியோ' தொடங்கியபோது முதல் பருவத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது. சைல் லாரின், தஜோன் புக்கானன், ரிச்சி லாரியா மூவரும் அங்கே வளர்ந்து, 2022 உலகக் கிண்ணத்தில் கனடாவுக்கு ஆடினார்கள். ஸ்மிர்னியோட்டிஸ் பின்னர் ஹமில்டனின் ஃபோர்ஜ் எஃப்.சி.யைப் பயிற்றுவித்து, கனடிய பிரீமியர் லீக்கின் முதல் கிண்ணத்தை 2019இல் வென்றார். இத்தனை அறிவை வெளியே நிறுத்தியிருந்தால் இழப்பு அக்கடமிக்கு மட்டும் வந்திராது.

எதிர்த்து வாதிடுவோரின் கவலை நியாயமானது. யாழ்ப்பாணத்தின் நாவாந்துறை சென்.மேரிஸ், பாசையூர் சென்.அன்ரனிஸ் போன்ற ஊர்க் கழகங்களின் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கழகம் என்பது ஊரின் சொத்து. கட்டணம் வாங்கிப் பந்து பழக்குவதை அவர்கள் மனம் இலேசில் ஏற்காது. பகுதிக் கழகம் ஆறு வயதில் சேர்த்து, காலணிக் கயிறு கட்டிவிட்டு, ஐந்தாறு வருடம் பார்த்து வளர்த்த பிள்ளையை அக்கடமி ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போனால் அந்தத் தொண்டர் அப்பாவுக்கு வலிக்கத்தான் செய்யும். கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டால் மிஞ்சியவர்களின் அணியும் கலைந்துவிடலாம்.

கழகங்களின் பெறுமதியும் சிறியதல்ல. அபிஜானில் பிறந்து சிறு வயதில் மொன்றியலுக்கு வந்த இஸ்மாயல் கோனே, செயின்ட்-லோரன் கழகத்தில் ஆடி, சி.எஃப். மொன்றியலுக்குப் போய், 2022 உலகக் கிண்ணம் வரை சென்றார். கானாவின் அகதி முகாமில் பிறந்த அல்போன்சோ டேவிஸ் எட்மன்டனில் 'ஃப்ரீ ஃபூட்டி' என்ற இலவசத் திட்டத்தில் ஆடத் தொடங்கினார். கட்டணம், உடுப்பு, போக்குவரத்து எல்லாவற்றையும் அந்தத் திட்டமே பார்த்துக்கொண்டது. கட்டணம் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வந்திருக்குமா? அகதிகளாக வந்து விக்ரோறியா அவெனியூவைச் சுற்றி வாழ்க்கையைத் தொடங்கிய குடும்பங்கள் நிறைந்த கோட்-டெ-நெய்ஜில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்துகிறது.

ஆகவே நிபந்தனைகள் வேண்டும். லீக்கில் சேரும் அக்கடமி ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் சில இடங்களைக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும்; கட்டணப் பட்டியலை வெளிப்படையாகப் போட வேண்டும்; பருவம் நடக்கும்போது பிற கழகத்தின் பிள்ளையை இழுக்கக் கூடாது. வளர்த்த கழகத்துக்கு ஈடும் கொடுக்க வேண்டும். வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்தில் விற்கப்படும்போது தொகையில் 5 சதவீதத்தை, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிர ஃபிஃபா விதி இருக்கிறது. பன்னிரண்டுக்கு முந்திய உழைப்புக்கு அதில் எதுவும் இல்லை. தெருமுனைக் கழகங்கள் செய்வதோ பெரும்பாலும் அந்த உழைப்புத்தான். பிள்ளையை எடுக்கும் அக்கடமி முந்திய கழகத்துக்குச் சிறு தொகை கட்ட வேண்டும் என்ற விதியைச் சொக்கர் கியூபெக்கே எழுதலாம்.

பாதுகாப்பு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. கழகத்தோடு தொடர்பில்லாத அக்கடமி ஒன்று தேசிய போட்டிகளில் பங்கெடுக்கும் கழகத்தை நடத்த வேண்டும் அல்லது தன்னிடம் பயிலும் சிறுவர்களைச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், இதைத் தேசியச் சங்கம் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற ஒழுங்குவிதி 19பிஸ். கணக்கில் வராத பிள்ளையைக் காப்பாற்ற முடியாது என்ற எண்ணமே அதன் அடிப்படை.

உள்ளே எடுத்துவிட்டால் போதும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2008இல் கனடாவின் இளையோர் மகளிர் அணிப் பயிற்றுநர் ஒருவர் முறைப்பாடுகளுக்குப் பின் விலகினார். பரஸ்பர இணக்கத்தோடு பிரிந்தார் என்றே வெளியே சொல்லப்பட்டது. அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு கழகத்தில் சிறுமிகளுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார். 2022இல்தான் பாலியல் குற்றங்களுக்காகச் சிறை சென்றார். அந்தக் கழகம் அமைப்புக்கு உள்ளேதான் இருந்தது. ஆகவே பயிற்றுநர் எந்தக் கழகத்துக்கோ அக்கடமிக்கோ போனாலும் அவரது ஒழுக்காற்றுப் பதிவும் கூடவே போக வேண்டும், பெற்றோர் கேட்டால் பதில் சொல்லப்பட வேண்டும்.

கியூபெக் சம்மேளனம் முன்பும் கதவை மூடிப் பார்த்திருக்கிறது. 2013 ஜூனில் தலைப்பாகை கட்டிய சீக்கியப் பிள்ளைகளுக்கான தடையைத் தொடர முடிவெடுத்தபோது கனடா சொக்கர் அந்தச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. சில நாட்களில் தடை விலக்கப்பட்டது. அக்கடமி விடயத்தில் அப்படியொரு வெளி அழுத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நகர வட்டார நிர்வாகத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பூங்கா மைதானங்கள் வரிப்பணத்தில் பராமரிக்கப்படுபவை. மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்குத்தான் எல்லாரும் அடிபடுகிறார்கள். அந்த நேரத்தில் அக்கடமிக்கு மைதானம் கொடுப்பதானால், இலவச இடங்களில் எத்தனை இந்த வட்டாரப் பிள்ளைகளுக்குப் போயின என்ற கணக்கை முதலில் வாங்கி, மைதான அட்டவணையோடு சேர்த்து வெளியிட வேண்டும்.