விளையாட்டுத் திடல்: உருளைக்காக நடந்த ஒரு சுற்றுப்போட்டி

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் ஊர்க் கழகங்களிற் சுற்றுப்போட்டிகளும் தொடங்கிவிடும். யார் யாரை வென்றார், எத்தனைக்கு எத்தனை என்னும் விவரங்கள் பத்திரிகைகளில் வரிசை வரிசையாக வெளிவரும். ஆடியவரும் அவர்தம் வீட்டாரும் தங்கள் பெயரைத் தேடிக் கண்டு மகிழ்வர். ஏனையோர் பக்கத்தைப் புரட்டிவிடுவர். வெறும் இலக்கங்களில் என்ன இருக்கிறது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் பழைய முடிவுப் பட்டியல் ஒன்றை இவ்வாரம் நேயர்களோடு சேர்ந்து சற்று நிதானமாக வாசித்துப் பார்க்க விரும்புகின்றோம். அது இங்கிலாந்தில் ஓர் ஊர்க் கழகம் நடத்திய கோடைகாலச் சுற்றுப்போட்டியின் பட்டியல். அதன் இரண்டாம் ஆண்டுப் பகுதியில் நமது மலைநாட்டுக்கும் ஓர் இடமுண்டு.

மட்டக்குதிரையும் உருளையும்

இலண்டன் மாநகரின் புறத்தேயுள்ள விம்பிள்டனில், வேர்ப்பிள் வீதியில், குரோக்கே ஆடுவோர் கழகம் ஒன்று இருந்தது. மரச்சுத்தியலால் பந்தைத் தட்டிக் கம்பி வளைவுகளினூடே செலுத்தும் விளையாட்டே குரோக்கே. 1868 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இக்கழகம் சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பின்னர் மக்களின் நாட்டம் புதியதொரு விளையாட்டின்பாற் சென்றது. 1874 இல் மேஜர் விங்ஃபீல்ட் என்பவர் காப்புரிமை பெற்றுப் பரப்பிய புல்தரை டெனிஸே அது. கழகத்தாரும் 1875 இல் தங்கள் புல்தரைகளில் ஒன்றை அதற்கென ஒதுக்கினர். 1877 இல் கழகத்தின் பெயரிலேயே டெனிஸையும் சேர்த்துக்கொண்டனர்.

அவ்வேளையில், புல்தரையைச் சமப்படுத்த மட்டக்குதிரை கட்டி இழுக்கும் உருளை பழுதாயிற்று. அதனைச் சீர்செய்யப் பணம் வேண்டும். சுற்றுப்போட்டி ஒன்றை நடத்திப் பணம் திரட்டலாம் என முடிவாயிற்று. நம் ஊர்களில் வாசிகசாலைக் கூரைக்காக நாடகம் போடுவதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

1877 ஆம் ஆண்டு யூன் 9 ஆம் திகதி ‘தி ஃபீல்ட்’ என்னும் வாரப் பத்திரிகையில் அறிவித்தல் வெளிவந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு கினி. மட்டையை ஆடுவோரே கொண்டுவரவேண்டும். குதியில்லாச் சப்பாத்து அணியவேண்டும். பழகுவதற்கான பந்துகளைக் கழகத்துத் தோட்டக்காரரிடம் பெற்றுக்கொள்ளலாம். 22 பேர் பெயர் கொடுத்தனர். அவர்களுள் ஒருவர் வரவேயில்லை. யூலை 9 ஆம் திகதி ஆட்டம் தொடங்கிற்று. இடையே ஈற்றன், ஹரோ என்னும் இரு கல்லூரிகளின் கிரிக்கெட் பந்தயத்துக்காக இரு நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. கல்லூரி மாணவர் கிரிக்கெட் ஆடும்போது டெனிஸ் பார்க்க எவரும் வாரார் என்று அக்கழகத்தார் அறிந்திருந்தனர் போலும்! பின்னர் மழை பிடித்துக்கொண்டது. 16 ஆம் திகதி நடக்கவிருந்த இறுதியாட்டம் 19 ஆம் திகதிக்குத் தள்ளிப்போயிற்று. தலைக்கு ஒரு சிலிங் கொடுத்து ஏறத்தாழ 200 பேர் வந்து பார்த்தனர்.

முடிவுகள் வருமாறு:

அரையிறுதி: ஸ்பென்சர் கோர், ஹீத்கோட்டை வென்றார் (6–2, 6–5, 6–2). மார்ஷலுக்கு எதிராளி இல்லை.

இறுதி: ஸ்பென்சர் கோர், வில்லியம் மார்ஷலை வென்றார் (6–1, 6–2, 6–4).

இரண்டாம் இடத்துக்கான ஆட்டம்: மார்ஷல், ஹீத்கோட்டை வென்றார் (6–4, 6–4).

6–5 என்பதைக் கண்டு அச்சுப்பிழை என எண்ணவேண்டாம். இறுதியாட்டம் ஒழிந்த ஏனைய ஆட்டங்களில், ஐந்துக்கு ஐந்து என நின்றால் அடுத்த கேமை எடுத்தவருக்கே செட் என்பது அன்றைய விதி. இறுதியாட்டம் 48 நிமிடங்களில் முடிந்துவிட்டது. கோர் வலையருகே வந்து நின்று, பந்து நிலத்தில் விழுமுன்பே அடித்துத் திருப்பினார். பின்கோட்டிலேயே நின்ற மார்ஷலால் அதற்கு மாற்றுக் காண இயலவில்லை. கோருக்கு 12 கினி பெறுமதியான பொற்பரிசும், பத்திரிகையார் அளித்த 25 கினி பெறுமதியான வெள்ளிக் கிண்ணமும் கிடைத்தன. கழகத்துக்கு மிஞ்சிய இலாபம் 10 பவுண். உருளைக்கு வழி பிறந்தது.

எண்ணிப் பார்த்த வைத்தியர்

இத்துடன் கதை முடிந்திருந்தால் இன்று நாம் இதனை எழுத நேர்ந்திராது. போட்டிக்கு நடுவராயிருந்த ஹென்றி ஜோன்ஸ் என்பவர் தொழிலால் வைத்தியர். சீட்டாட்டம்பற்றி நூல் எழுதிப் புகழ் பெற்றவர். வென்றவரைப் பாராட்டியதோடு அவர் அமைதியடையவில்லை. ஆட்டக் குறிப்புகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு கேமாக எண்ணினார். போட்டி முழுவதிலும் ஆடப்பட்டவை 601 கேம்கள். அவற்றுள் சேர்விஸ் போட்டவர் வென்றவை 376; எதிர்கொண்டவர் வென்றவை 225.

தோள் உயரத்திலும் அதற்குக் கீழும் பந்தை அடித்து சேர்விஸ் போட்ட காலம் அது. அப்படியிருந்தும் சேர்விஸ் போடுபவர் பக்கமே தராசு சாய்ந்திருந்தது. இது ஆடுவோரின் குறையன்று, அளவுகளின் குறை என்று கண்டனர். அடுத்த ஆண்டில் சேர்விஸ் எல்லை வலையிலிருந்து 26 அடி என்றிருந்தது 22 அடியாகக் குறைக்கப்பட்டது. வலையருகே நிற்பவரைக் கடந்து பந்தைச் செலுத்துவது எளிதாகும் பொருட்டு, வலையின் நடுவுயரமும் 3 அடி 3 அங்குலத்திலிருந்து 3 அடியாகத் தாழ்த்தப்பட்டது. இன்று உலகெங்கும் வலையின் நடுவுயரம் அதே 3 அடி. சேர்விஸ் எல்லை 21 அடி. ஊர்க் கழகம் ஒன்றில் சில நாட்கள் நடந்த ஆட்டங்களை ஒருவர் எண்ணி எழுதியதன் பயனை, இன்று எந்த நாட்டு டெனிஸ் திடலிலும் அடிக்கோல் கொண்டு அளந்து காணலாம்.

மலையிலிருந்து சென்றவர்

இனி 1878 ஆம் ஆண்டின் பட்டியலுக்கு வருவோம். இம்முறை பெயர் கொடுத்தோர் 34 பேர். கடந்த ஆண்டு வென்றவர் முன்னைய சுற்றுகளில் ஆடவேண்டியதில்லை. ஏனையோரை வென்று வருபவரை மட்டும் எதிர்கொண்டாற் போதும் என்ற விதியும் புதிதாக வந்தது.

ஏனையோர் இறுதி: பிராங்க் ஹடோ, ஏர்ஸ்கினை வென்றார் (6–4, 6–4, 6–4).

கிண்ணத்துக்கான ஆட்டம்: பிராங்க் ஹடோ, ஸ்பென்சர் கோரை வென்றார் (7–5, 6–1, 9–7).

யார் இந்த ஹடோ? வயது 23. இலங்கையிலே கோப்பித் தோட்டத் துரையாயிருந்து, விடுமுறையிற் தாயகம் சென்றிருந்தவர். கோர் வழக்கம்போல் வலையருகே வந்து நின்றார். பக்கத்தால் அடித்தால் எட்டிப் பிடித்துவிடுகிறார். அதனால் ஹடோ பந்தை அவருடைய தலைக்கு மேலாக உயர்த்தி, பின்கோட்டருகே போய் விழும்படி அனுப்பினார். கோர் திரும்பி ஓடினார். முந்திய ஆண்டு எவராலும் விடுவிக்க முடியாத புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. அப்போட்டியில் ஹடோ ஒரு செட்டையேனும் இழக்கவில்லை. ஆயினும் கிண்ணத்தைக் காத்துக்கொள்ள அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. 1926 இல் விம்பிள்டன் பொன்விழாவின்போது, முதியவராக வந்து அரசி மேரியின் கையால் பதக்கம் பெற்றுக்கொண்டார்.

இலங்கையிலிருந்து சென்ற ஒருவர் விம்பிள்டனை வென்றார் என்று அறியும்போது நமக்கும் ஒருவித பெருமிதம் தோன்றுகிறது. அவருடைய திறமையை நாமும் மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் பட்டியலை நிதானமாக வாசிப்பதாகத் தொடங்கினோமாதலின், கோப்பித் தோட்டம் என்ற சொல்லையும் கடந்து போகலாகாது.

எழுதாமற் போனவை

புல்தரையில் அப்பந்தயங்கள் நடந்த 1877, 1878 ஆம் ஆண்டுகள் தமிழகத்தைப் பொறுத்தமட்டில் எத்தகையன என்பதை மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திற் படித்திருப்பர். சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய காலம் அது. பசியினால் உந்தப்பட்ட மக்கள் கடல் கடந்து பெருந்தொகையாக இலங்கைக்கு வந்தனர். மன்னாரில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே நாட்கணக்கில் நடந்து, மாத்தளை வழியாக மலையேறிக் கோப்பித் தோட்டங்களை அடைந்தவர் பலர். வாந்திபேதியாலும் களைப்பாலும் வழியிலேயே மடிந்தோரும் மிகப் பலர். தப்பி வந்தவர் கைகளே கோப்பிப் பழத்தைப் பறித்தன. அந்தக் கோப்பியே துரைமாரின் விடுமுறைக்கும் கப்பற் பயணத்துக்கும் பணமாயிற்று. சில ஆண்டுகளில் இலைநோய் பரவிக் கோப்பி அழிந்தது. மலைகளிலே தேயிலை வந்தது. அதே கைகளும் அவற்றின் வழிவந்த கைகளும் கொழுந்து பறித்தன.

ஹடோ தனியொருவர்மேற் குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று. நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. இலண்டன் புறத்தே ஓர் ஊர்க் கழகத்தில் சில கனவான்கள் ஆடிய 601 கேம்களும் ஒன்று தவறாமல் எண்ணப்பட்டன. யார் எதிர்நின்றார், எத்தனையால் தோற்றார் என்பது ஒன்றரை நூற்றாண்டின் பின் நமக்கும் தெரிகிறது. மன்னார் வழியில் விழுந்தவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? எந்த மரத்தடியில் எந்தத் தாய் தன் பிள்ளையை விட்டுச் சென்றாள் என்று எழுதி வைத்தவர் யார்? எழுதப்பட்டது நிலைத்தது, எழுதப்படாதது அந்தக் காட்டோடு போயிற்று.

ஆதலால் கழகச் செயலாளர்களாயுள்ள இளைஞர்களுக்கும், பாடசாலை விளையாட்டுக் குழுக்களின் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சுற்றுப்போட்டி சிறியதென்று எண்ணி முடிவுகளைச் சிகரெட்டு அட்டையிற் கிறுக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். வென்றவர் பெயரோடு தோற்றவர் பெயரையும் எழுதுங்கள். மழை பெய்ததா, எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு பணம் சேர்ந்தது, எதற்குச் செலவாயிற்று என்பனவற்றையும் குறியுங்கள். விடியற்காலையில் வந்து திடலைப் பெருக்கியவர், கோடு போட்டவர், உருளை இழுத்தவர் ஆகியோரின் பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

வீட்டில் பாட்டனார், பாட்டியார் இருப்பின், அவர்கள் எவ்வழியாக எவ்வூரிலிருந்து வந்தவர் என்பதை இவ்விடுமுறையிலேயே கேட்டு, அதே கொப்பியின் மறுபுறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கொப்பியில் இருப்பதில் தவறேதுமில்லை.