போகிறவருக்கும் கல்லறையில் இடம் உண்டு

பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தை 1826-இல் கட்டி எழுப்பிய ரேனியஸ் ஐயரை, அவரை அனுப்பிய சர்ச் மிஷன் சங்கமே 1835-இல் வேலையை விட்டு நீக்கியது. கணக்கில் தவறில்லை, ஒழுக்கத்தில் குறையில்லை. லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்ற அந்த ஜெர்மானியர், தம்மிடம் பயின்ற உபதேசியார்கள் இங்கிலாந்து சபையின் விதிகளை ஒப்புக்கொண்டு பேராயர் கையால்தான் பட்டம் பெற வேண்டும் என்பதை ஏற்கவில்லை. அந்தச் சபையை உயர்த்திப் பிடித்த ஒரு நூலுக்குத் தம் பெயரிலேயே மறுப்பும் எழுதி அச்சிட்டார். சீட்டு கிழிந்தது.

மனச்சாட்சி ஒப்பாத உபதேசத்துக்கு ஞாயிறுதோறும் ‘ஆமென்’ சொல்லிக்கொண்டிருப்பது பொய். அப்படிப்பட்டவர் சபையை விட்டு விலகுவது துரோகமல்ல, நேர்மை. ரேனியஸ் விஷயத்தில் சங்கம் செய்தது அநியாயம் என்றே சொல்வோம். துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்குவதற்காக 1830-இல் தர்ம சங்கம் கண்டவரை, ஒரு மறுப்பு நூலுக்காகத் தூக்கி எறிந்தது அது.

ஆனால் அடுத்து நடந்ததற்கு அவரையும் கேள்வி கேட்க வேண்டும். ஆற்காடு பக்கம் போனவர், உபதேசியார்கள் அழைத்தார்கள் என்று அந்த ஆண்டே திரும்பி வந்து திருநெல்வேலியிலேயே தனி மிஷன் நடத்தினார். ஊருக்கு ஊர் சபை இரண்டுபட்டது. குருப்பட்ட விவகாரத்தின் தலையும் வாலும் தெரியாத எளிய குடும்பங்கள் ‘அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா’ என்று நின்றன. 1838-இல் அவர் இறந்த பிறகு சபைகளில் பெரும்பாலானவை சங்கத்திடமே திரும்பின. விலகியது சரி. விலகிய இடத்திலேயே எதிர்க்கொடி நாட்டியது சரியல்ல.

நாசரேத் பக்கத்து மூக்குப்பீறியில் 1857-இல் தனிச் சபை கண்ட சட்டாம்பிள்ளையின் கதை வேறு. மிஷனெரி கால்டுவெல் 1849-இல் எழுதிய நூல் சட்டாம்பிள்ளையின் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்ற கோபமும், வெள்ளைக்கார மிஷனெரியின் அதிகாரத்தோடு ஏற்பட்ட மோதலும் அவரை வெளியே தள்ளின. சனிக்கிழமை ஓய்வுநாள் முதலான உபதேசமெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. அதனால் அந்தப் பிரிவு தாழ்ந்ததாகிவிடாது. அவமதிப்பும் நியாயமான காரணம்தான், அதை அவமதிப்பென்றே சொல்லலாம்.

இன்று தாமிரபரணிக் கரையில் பிரச்சினை ஞானஸ்நானம். குழந்தைக்குத் தெளித்தது செல்லாது, முழுக்குத்தான் வேதத்தின்படியானது என்று நம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள் உண்டு. போகட்டும். ஆனால் சங்கக் காணிக்கையை மட்டும் கட்டிப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, சேகரத் தேர்தலில் ஓட்டுப் போட மட்டும் வருவது என்ன நேர்மை? சேகர ஐயர் அவமதித்ததில் மனம் நொந்து போகிறவர் ‘உபதேசம் சரியில்லை’ என்று சொல்வதும் அதே ரகம். போகிற குடும்பம் ஐயரிடம் நேரில் காரணத்தைச் சொல்லி, ஏட்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும்.

நிற்கிற சபையின் குற்றம் இதைவிடப் பெரியது. ‘அங்கே போனால் பெண்ணுக்குக் கல்யாண ஓலை வாசிக்க மாட்டோம், கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை’ என்ற மிரட்டலுக்கு உபதேசம் என்று பெயர் வைக்க முடியாது. ஓட்டும் பதவியும் உறுப்பினருக்கு உரியவை. அவற்றை விலகியவரிடமிருந்து எடுத்துக்கொள்வது முறை. அப்பன் பாட்டன் படுத்திருக்கும் மண் அப்படியல்ல. பிணத்தை வைத்துக்கொண்டு கமிட்டி வீட்டு வாசலில் கெஞ்ச வைப்பது, உயிரோடிருந்தபோது அந்த மனிதரிடம் வேதத்தைக் காட்டி வாதாடத் தெரியாதவர்கள் செய்யும் காரியம்.

நீக்கப்பட்ட ரேனியஸின் கல்லறை பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில்தான் இருக்கிறது. ‘திருநெல்வேலி அப்போஸ்தலர்’ என்று திருநெல்வேலித் திருமண்டலமே இன்று அவரைக் கொண்டாடுகிறது. விலகிப் போனவர்களுக்கு அடக்க இடம் மறுக்கும் தீர்மானம் எந்தச் சேகரத்தின் ஏட்டில் இருந்தாலும், அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே அதை ரத்து செய்ய வேண்டும்.