ஆதிமூலமும் அபாயத் தந்தியும்

புராணப் பிரசங்கம் கேட்கப் போயிருக்கும் தோழர்கள் எல்லோருக்கும் கஜேந்திரன் கதை தெரிந்திருக்கும். யானையின் காலை முதலை பிடித்துக்கொண்டது. ஆயிரம் வருஷம் இழுபறி நடந்தது. யானை "ஆதிமூலமே" என்று கூப்பிட்டது. உடனே விஷ்ணு கருடன் மேலேறி வந்து காப்பாற்றினார் என்பது கதை. இதில் பிரசங்கிமார்கள் வெகு பெருமையாய் எடுத்துச் சொல்லும் விசேஷம் ஒன்று உண்டு. யானையின் கூக்குரல் மற்றத் தேவர்கள் காதிலும் விழுந்ததாம். ஆனால் "ஆதிமூலம் என்பது நம் பெயரல்லவே" என்று அவரவர் சும்மா இருந்துவிட்டார்களாம். சாகக் கிடக்கும் ஒரு ஜீவன் அலறும்போது, விலாசம் நம்முடையதல்ல என்று உட்கார்ந்திருந்தவர்களைத்தான் முப்பத்து முக்கோடி தேவர்கள் என்று நம் மக்கள் விழுந்து கும்பிடுகிறார்கள்.

நிற்க. இந்த விலாசப் பேச்சு மனிதரிடத்திலும் ஒரு காலத்தில் இருந்தது என்பதையும், அதை மனிதர்கள் எப்படி ஒழித்தார்கள் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கம்பியில்லாத் தந்தி கப்பல்களுக்கு வந்த புதிதில் அத்தொழில் பெரும்பாலும் மார்க்கோனி கம்பெனியின் கையில் இருந்தது. கருவியும் அவர்களுடையது, கருவியை இயக்கும் ஆளும் அவர்களுடைய சம்பளக்காரர். வேறு கம்பெனிக் கருவியிலிருந்து வரும் செய்தியை வாங்கவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. 1902-ல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பி அமெரிக்கா போய்விட்டு "டாய்ச்லாந்து" என்ற கப்பலில் திரும்பினார். தமக்கு விருந்து செய்த ரூஸ்வெல்ட்டுக்கு நன்றி சொல்லத் தந்தி அனுப்பப் பார்த்தார். கப்பலில் இருந்ததோ ஜெர்மன் கருவி. மார்க்கோனி நிலையம் அதனோடு பேசமாட்டேன் என்றுவிட்டது. ராஜகுமாரனுக்கே இக்கதி. நம் ஊர் அக்கிரகாரக் கிணற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தண்ணீரில் தீட்டுப் பார்த்தது போதாதென்று ஆகாயத்திலும் தீட்டுப் பார்த்தார்கள். இங்கே சாத்திரம், அங்கே வியாபாரம்.

ஆனால் ஐரோப்பியர்கள் இதை "பூர்வஜன்ம கர்மம்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1903-ல் பெர்லினில் கூடிப் பேசினார்கள். 1906-ல் அதே ஊரில் மறுபடியும் கூடி, கரை நிலையங்களும் கப்பல்களும் கருவி யாருடையதென்று பாராமல் செய்தி வாங்கவேண்டும், அபாயக் குரலுக்கு எல்லாவற்றுக்கும் முந்தி இடம் கொடுக்கவேண்டும் என்று உடன்படிக்கை செய்தார்கள். அது 1908 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற எஸ்.ஓ.எஸ். அடையாளம் பொது அடையாளமானதும் இந்த உடன்படிக்கையில்தான். அதற்கு முன் மார்க்கோனிக்காரர்கள் 1904 முதல் சி.க்யூ.டி. என்று தட்டிவந்தார்கள். சி.க்யூ. என்றால் "எல்லா நிலையங்களுக்கும்", டி. என்றால் அபாயம்.

இதிலும் பக்தர்கள் சும்மா இருந்தார்களா? எஸ்.ஓ.எஸ். என்பதற்கு "எங்கள் ஆத்மாக்களைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு வியாக்கியானத்தைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டினார்கள். உண்மையில் அந்த எழுத்துக்களுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இரைச்சலிலும் தவறாமல் காதில் பிடிபடும் என்பதுதான் அதன் யோக்கியதை. மூன்று எழுத்தைக் கண்டால் அதற்குள் ஒரு ஆத்மாவைக் குடிவைக்கும் வியாதி நம் "ஓம்"காரக்காரர்களுக்கு மட்டும் சொந்தமல்ல போலும்!

கப்பல்களுக்கு அழைப்புப் பெயர் வைத்ததையும் பாருங்கள். முதலில் கம்பெனிகள் தம் இஷ்டப்படி எழுத்துக் கொடுத்தன. மார்க்கோனிக் கப்பல்கள் "எம்" என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். 1912-ல் லண்டனில் கூடிய மாநாடு இதை மாற்றி, எழுத்துக்களைத் தேசங்களுக்குப் பங்கிட்டது. இன்று இந்தியாவுக்குள்ள எழுத்துக்களில் வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை உண்டு. அழைப்புப் பெயரைக் கேட்டால் எந்தத் தேசத்துக் கப்பல் என்று தெரியும். கப்பல்காரன் என்ன சாதி என்று தெரியாது. 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னாலுள்ள சாதிவாலை அறுக்கவேண்டும் என்று நம்மவர்கள் தீர்மானித்தபோது, "அப்புறம் ஆளை எப்படி அடையாளம் கண்டுகொள்வது" என்று கேட்ட புத்திசாலிகளுக்கு இதைச் சமர்ப்பிக்கிறோம்.

இனி டைட்டானிக் சங்கதி. 1912 ஏப்ரல் 14-ந் தேதி இரவு 11-40-க்கு அக்கப்பல் பனிப்பாறையில் மோதிற்று. அதன் அழைப்புப் பெயர் எம்.ஜி.ஒய். பிலிப்ஸ் என்பவரும் பிரைட் என்பவரும் தந்தி அறையில் இருந்தார்கள். நடுநிசிக்குப் பிறகு சி.க்யூ.டி., எஸ்.ஓ.எஸ். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினார்கள். 58 மைல் தூரத்திலிருந்த கார்பாத்தியாவின் தந்திக்காரர் காட்டம் தூங்கப்போகும் சமயம். காதுக்கருவியை இன்னும் கழற்றவில்லை. அந்தத் தற்செயலால் கேட்டது. அக்கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே இரவெல்லாம் ஓடி, விடியற்காலம் நான்கு மணிக்கு வந்து, படகுகளிலிருந்த 700 சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டது. கஜேந்திரனுக்கு ஆயிரம் வருஷம் ஆயிற்று. இங்கே மூன்றரை மணி.

ஆனால் அதைவிட மிக அருகில் கலிபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் தந்திக்காரர் ஒரே ஆள். பகலெல்லாம் வேலை செய்தவர் மோதலுக்குச் சற்று முன்புதான் கருவியை நிறுத்திவிட்டுப் படுத்தார். அவர்மேல் குற்றமில்லை. ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து இருபத்து நாலு மணி நேரமும் காது கேட்குமா? சுமார் 1,500 பேர் மாண்டார்கள். அதிலும் முதல் வகுப்பில் நூற்றுக்கு 60-க்கு மேல் பிழைத்தார்கள்; மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு 25. டைட்டானிக்கில் பாதிரிமார்கள் இருந்தார்கள், பிரார்த்தனையும் நடந்தது. அந்தப் பாதிரிமார்களும் சேர்ந்தே மூழ்கினார்கள்.

இதற்குப் பரிகாரமாக யாரும் யாகம் செய்யவில்லை. 1914-ல் லண்டனில் கூடி, பெரிய பிரயாணிக் கப்பல்களில் இரவும் பகலும் ஓயாமல் காது கொடுக்க ஆள் வேண்டும் என்று விதி செய்தார்கள். பிற்பாடு அபாய அலைவரிசையில் ஒவ்வொரு மணியிலும் 15-வது நிமிஷத்திலிருந்து 18 வரையிலும், 45-லிருந்து 48 வரையிலும் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டுமென்று ஏற்படுத்தினார்கள். தந்தி அறைக் கடிகாரத்தில் அந்த இடத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். எங்கோ ஒருவன் ஈன சுரத்தில் கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த மௌனம். நம் மடாதிபதிகளும் மௌன விரதம் இருக்கிறார்கள். யாருடைய குரலைக் கேட்பதற்கு? தந்திக்காரர் தூங்கினாலும் மணியடித்து எழுப்பும் கருவியும் வந்தது. நாலு நாலு விநாடிக் கோடாகப் பன்னிரண்டு தட்டினால் அடுத்த கப்பலில் மணி அடிக்கும். 1999 பிப்ரவரியோடு இந்தப் புள்ளி-கோட்டு முறை போய், விசையை அழுத்தினால் விண்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி போகும் முறை முழுவதும் அமுலுக்கு வந்தது.

ஆனால் இந்தக் கட்டாயம் யாருக்கு? பிரயாணிக் கப்பலுக்கும், 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலுக்கும். மீன்பிடி படகுக்கு இந்தச் சர்வதேச விதி இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பல நாளைக்கு முன்பே ஆழ்கடல் போய்விட்டார்கள். படகிலிருந்த சிறு வயர்லெஸ் சில பத்து மைலுக்கு மேல் எட்டாது. எச்சரிக்கை அவர்களுக்குப் போகவில்லை, அவர்கள் குரல் கரைக்கு வரவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. "கடல் தாயின் சீற்றம்" என்றார் சிலர், "ஆண்டவர் சித்தம்" என்றார் சிலர். 300 டன் என்று கோடு கிழித்தது எந்த ஆண்டவர்?

2019-ல் ஜெமினி என்று ஒரு கருவி வந்தது. வந்தபோது அது கரை சொல்வதைப் படகுக்காரன் கேட்பதற்குத்தான் உதவிற்று. படகுக்காரன் கூப்பிட உதவவில்லை. குப்பத்துக்குக் குப்பம் கோயிலுக்கும் குருசடிக்கும் வசூல் செய்கிற தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: இந்த வருஷம் திருவிழாச் செலவைத் தொடுவதற்கு முன்னால், உங்கள் துறையில் எத்தனை படகில் கூப்பிடுகிற கருவி இருக்கிறது, எத்தனை படகில் இல்லை என்று எண்ணி, அந்தக் கணக்கை மீன்துறை அதிகாரியின் மேஜைமேல் வையுங்கள். நமக்கும் ஒரு பிரதி அனுப்பினால் பிரசுரிப்போம்.