முயல் மட்டும் மனித உடலா?

ஆய்வகத் தட்டில் வளர்த்த தோல் முழு உடலாகாது, எனவே விலங்குச் சோதனையைக் கைவிட முடியாது என்கிறார்கள். முயல் மட்டும் மனித உடலா? 1944-இல் நச்சியலாளர் டிரெய்ஸ் வகுத்த முறையில் முயலின் கண்ணிலோ தோலிலோ பொருளை இட்டு, சிவப்பையும் வீக்கத்தையும் வெறும் பார்வையால் மதிப்பிடுகிறார்கள். ஒரே பொருளுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மதிப்பெண் மாறியதை ஆய்வாளர்கள் வெயிலும் ஸ்காலாவும் 1971-லேயே காட்டிவிட்டார்கள்.

மாற்று முறையைப் பாருங்கள். அறுவை சிகிச்சையில் மிஞ்சிய மனிதத் தோலின் செல்களைக் காற்றுபட வளர்த்தால் மேல்தோல் அடுக்கடுக்காக உருவாகிறது. அதன்மேல் வேதிப்பொருளைத் தடவிக் கழுவி, பின்னர் மஞ்சள் எம்டிடி சாயம் சேர்த்தால், உயிருள்ள செல்கள் மட்டும் அதை ஊதாவாக்கும். உயிரோடிருப்பவை 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது எரிச்சலூட்டும் பொருள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பான ஓஇசிடி 2010-இல் இம்முறையை ஏற்றது. கல்லீரலுக்கும் கருவுக்கும் நேரும் பாதிப்பை இத்தோல் சொல்லாது, உண்மைதான். அதற்காகத் தோல் எரிச்சலை அறியவும் முயலைக் கூண்டில் அடைப்பதற்கு என்ன நியாயம்?